குளிக்கத் தடை விழும் நாளில் கச்சேரி

1

தோடி ராகத்தின் விலை, குற்றாலத்தில், சீசன் நேரத்தில், மண்டப வாடகையும் மைக்செட்டும் சேர்த்து, பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பாடுகிறவருக்குக் கிடைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பாடுகிறவர் கொடுப்பது.

இந்தக் கதையின் விலை தனி: மூவாயிரம் ரூபாயும், என் கடைக்கு ஆடித் தள்ளுபடி ஃபிளெக்ஸ் ஒன்றும். ஆமாம், இது காசு வாங்கிக்கொண்டு எழுதுகிற கதை. தென்காசி ரத வீதியில் மூன்று தலைமுறையாகப் பாத்திரம் விற்கிறோம். நசுங்கிய குடத்தை நசுங்கல் வெளியே தெரியும்படி வைப்பதுதான் எங்கள் வழக்கம். வாங்குகிறவருக்குப் பேரம் பேச ஏதாவது வேண்டுமே.

நாறும்பூநாதன் வந்தது போன மாதம். ஃபிளெக்ஸ் அடிக்கிறவன்; எதிர்ச் சந்தில் கடை.

“அண்ணாச்சி, ஒரு கதைக்கு என்ன ரேட்டு?”

“எந்தக் கதைக்குலே?”

“நீங்க இனிமே எழுதப் போற கதைக்கு. எந்தங்கச்சி கச்சேரி அதுல வரணும்.”

“ஐயாயிரம்.”

“பத்திரிகைக்காரன் எவ்வளவு தருதான்?”

“ஒண்ணும் தர மாட்டான்.”

“அப்ப ரெண்டாயிரமே லாபம்லா!”

மூவாயிரத்தில் படிந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டான். “கடைசி வரியில மண்டபம் நெறஞ்சிருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

2

முதல் முயற்சி:

பொதிகையின் மீது மேகம் இறங்கி, மெல்லிய சாரல் முகத்தில் 

(நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தை நாறும்பூநாதன் ஏற்கெனவே பதினோரு ஃபிளெக்ஸில் அடித்திருக்கிறான். அதில் இரண்டு பரோட்டாக் கடைக்கு.)

இரண்டாம் முயற்சி:

சண்முகப்பிரியாவின் குரலில் தேன் 

(இல்லை. அந்தக் குரலில் தேன் கிடையாது. புதுப் பித்தளைக் குடத்துக்குள் முகத்தை விட்டுப் பேசினால் ஒரு கார்வை வருமே, அது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆள் குறைவு.)

மூன்றாவது முயற்சியில் அலங்காரத்தைக் கைவிட்டு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாறும்பூநாதனின் தங்கை சண்முகப்பிரியா இலஞ்சியில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வயது முப்பத்தொன்பது. சென்னையில் ஒரு சபா, டிசம்பரில் “வளரும் கலைஞர்” என்று ஒரு மேடை தருகிறது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் ஒருவர் வளர்வதைச் சபா ஒப்புக்கொள்வதில்லை. அவருக்குப் புரட்டாசியில் நாற்பது முடிகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஆவணிக் கடைசி. ஆக, இந்த வருஷம் விட்டால் இல்லை.

விண்ணப்பத்தோடு இரண்டு சரக்கு இணைக்க வேண்டும். ஒன்று, வர்ணத்திலிருந்து மங்களம்வரை வெட்டு ஒட்டு இல்லாத வீடியோ. கடைசியில் குறைந்தது நூறு பேர் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். இரண்டு, பத்திரிகையில் வந்த துண்டு.* மூன்று வருஷமாக அனுப்பினார். மூன்று வருஷமும் ஒரே பதில்: பாட்டு நன்று, நாற்காலிகள் காலி.

* அந்தத் துண்டுதான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

3

நாறும்பூநாதனை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று எனக்குக் குழப்பம். கோமாளியாக வைத்தால் எளிது. தங்கச்சிக்கு “இசைப் பேரருவி” என்று பட்டம் கொடுத்த மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவன்தான். ஆனால் ஆனி மாதக் கச்சேரிக்கு அவன் தெருத்தெருவாகப் போய்க் கும்பிட்டுக் கூப்பிட்டும் ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். அன்று அவன் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிய விதத்தைப் பார்த்தவர்கள் அவனைக் கோமாளி என்று எழுத மாட்டார்கள்.

அந்த வாரமே அவனுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர் ஆள் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது.

வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம். குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஆர்ச் என்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. சிவகாசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக, போக்கிடமில்லாமல் நிற்பார்கள். தடை ஒரு மணி நேரமும் இருக்கும், ஒரு நாளும் இருக்கும்.

“அண்ணாச்சி, ஆயிரம் பேரு சும்மா நிக்கான். கூப்பிட்டா வர மாட்டானா? ஒக்கார எடம், ஃபேன், சுக்குக் காப்பி. இதவிட என்னய்யா வெளம்பரம்?”

அழைப்பிதழ் அடித்தான். உலகத்திலேயே தேதி இல்லாத ஒரே கச்சேரி அழைப்பிதழ் அதுவாகத்தான் இருக்கும்:

“நாள்: குளிக்கத் தடை விழும் நாள். நேரம்: தடை விழுந்த அரை மணியில். அனைவரும் வருக. துண்டோடும் வரலாம்.”

4

இனி சண்முகப்பிரியாவின் கணவர். இவரை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் நீங்களே “ரொம்ப வசதியாக இருக்கிறதே” என்று கடைப் பையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். குமரகுரு போலீஸ் ஏட்டு. சீசன் முழுக்க மெயினருவியில் டியூட்டி. தடை என்றால் கயிற்றைக் கட்டுவதும், தடை நீங்கினால் அவிழ்ப்பதும் அவர் கையில். உத்தரவு மேலிருந்து வரும். கயிறு மட்டும் இவரிடம்.

ஆடி மூன்றாம் சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குத் தடை விழுந்தது. நாறும்பூநாதனின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. “குளிக்கத்தான் தடை, கேக்கத் தடையில்ல! வாங்கம்மா, வாங்கய்யா, மண்டபத்துக்குள்ள மழை விழாது!”

வந்தார்கள். உண்மையாகவே வந்தார்கள். பத்தே காலுக்கு, வீடியோவில் நான் நிறுத்தி நிறுத்தி எண்ணியபடி, இருநூற்றுப் பன்னிரண்டு தலைகள். (எண்ணெய்த் தலைகளை எண்ணுவது சுலபம். மின்னும்.) கூட்டம் இருக்கும் இடத்தில் வியாபாரம் என்று, அருவிக்கரையில் ரம்புட்டான் விற்கும் ஹாஜரா பீவியும் கூடையோடு உள்ளே வந்துவிட்டார்.

வர்ணம் ஆனது. இரண்டு கீர்த்தனை ஆனது. சுக்குக் காப்பி ஒரு சுற்று ஆனது. பதினொன்றேகாலுக்குச் சண்முகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு தோடியைத் தொட்டார். 

பதினொன்றரைக்கு நாறும்பூநாதனின் போன் அடித்தது. அருவிக்கரையிலிருந்து மாப்பிள்ளை. கதவுக்கு வெளியே நின்று பேசினான். நான் பக்கத்தில்தான் நின்றேன், இரண்டு பேர் சத்தமும் கேட்டது.

“மச்சான், தண்ணி எறங்கிட்டு. தொறக்கச் சொல்லி ஆர்டரும் வந்துட்டு.”

“மாப்ளே, ஒரே ஒரு மணி நேரம் பிடிச்சு வையும்.”

“என்னத்தப் பிடிக்க?”

“கயித்தத்தான்!”

“நல்லா சொன்னீரு. எம்புட்டுச் சனம் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கி. நான் கயித்த அவுக்கலன்னா, என்னிய அவுத்துருவானுவ.”

“உம்ம பொண்டாட்டி பாட்டு வே!”

“அதான் பயமே. ஆர்டர மீறிக் கயித்தப் பிடிச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சா, வீட்டுல எனக்குத் தடை விழுந்துரும்.”

போன் வைத்த இரண்டாவது நிமிஷம் தடை நீங்கியது என்று அருவிக்கரை ஒலிபெருக்கி சொன்னது மண்டபத்துக்குள் தெளிவாகக் கேட்டது. அன்று எங்கள் மைக்செட்டைவிட அது நல்ல மைக்செட்.

5

இங்கே வந்துதான் கதை நின்றுவிட்டது. என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முடிவு அ: ஒலிபெருக்கி முழங்குகிறது. ஒருவரும் அசையவில்லை. தோடியின் மாயத்தில் கட்டுண்டு 

(எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தவனை எந்த ராகமும் கட்டாது. தலை அரிக்கும்.)

முடிவு ஆ: ஏட்டு குமரகுரு கண்ணீரோடு கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறார். மங்களம் முடிந்தபின் 

(அவருக்கு மெமோ. வேண்டாம், இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன.)

பேசிய சரக்கைக் கொடுக்க வேண்டுமே என்று முடிவு அ-வையே கொஞ்சம் மெருகேற்றி, “மண்டபம் நிரம்பி வழிந்தது” என்று முடித்து வைத்தேன். நாறும்பூநாதன் படித்துவிட்டு “கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி” என்றான். மறுநாள் சண்முகப்பிரியாவே கடைக்கு வந்துவிட்டார். பால் தூக்குகளுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவில் நின்றபடி கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

“நெரம்பி வழிஞ்சுதுன்னு போட்டுருக்கீங்க.”

“ஒங்க அண்ணன் கேட்ட சரக்கும்மா.”

“வழிஞ்சது எண்ணெதான் அண்ணாச்சி. நாக்காலியெல்லாம் இன்னும் பிசுபிசுங்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நான் கண்ணத் தொறந்தப்ப எத்தன பேரு இருந்தாங்கன்னு எண்ணிப் போடுங்க.”

“எண்ணிப் போட்டா சபாக்காரன் மேடை தர மாட்டான். அடுத்த வருஷம் நீங்க விண்ணப்பமும் போட முடியாது.”

“தெரியும். ரெண்டு நாளா ராத்திரி அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு மட்டும் ஆசை இல்லியா?” சற்று நேரம் ஒரு தூக்கின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “ஆனா அந்த ரம்புட்டான் விக்கிற அக்கா கடைசி வரைக்கும் இருந்தாங்கள்லா. நீங்க நெறஞ்சுதுன்னு எழுதிட்டா அவங்க கூட்டத்தோட கூட்டமாப் போயிருவாங்க. எனக்கு வாச்சதே அந்த நாலு பேருதான். அவங்களையும் கெடுத்துராதீங்க.”

எங்கள் அப்பா ஒன்று சொல்வார்: சரக்கை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம், தராசில் கை வைக்கக் கூடாது. பித்தளையைத் தங்கம்போல மின்னுகிறது என்று சொல்லி விற்றிருக்கிறேன். அரைக் கிலோவை முக்கால் கிலோ என்று விற்றதில்லை. தேன், அருவி, பட்டம் எல்லாம் புகழ்ச்சி. தலைக்கணக்கு தராசு.

அதனால் முடிவு அ-வைக் கிழித்துவிட்டேன். நாறும்பூநாதனுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “வெளங்கிரும்” என்று வாங்கிக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினான்.

6

நடந்தது இதுதான். ஒலிபெருக்கி முடிவதற்குள் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார், வயலின்காரர் நிமிர்ந்து பார்த்தார். சண்முகப்பிரியா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது எதிரே நாற்பத்தொரு பேர். ஒருவேளை குரல் உடையும் என்று எதிர்பார்த்தேன். (கதைக்கு நல்லது.) உடையவில்லை. அவசரமும் படவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் தோடியை நிதானமாக, யாருக்கும் விற்க வேண்டியதில்லை என்பதுபோல, விரித்துப் போட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு ஈரத் துண்டோடு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவகாசிக்காரர், நாற்காலியடியில் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“இன்னும் அதே பாட்டா?” என்றார்.

“அதே பாட்டுதான். நீரு போன பெறகுதான் நல்லா வந்துச்சு. உக்காரும்,” என்றார் ஹாஜரா பீவி.

உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் வீட்டார். பிறகு பை தேடி வந்தவர்கள், சுக்குக் காப்பி மிச்சமிருக்கிறதா என்று வந்தவர்கள், காரணமே சொல்லாமல் வந்தவர்கள். தலை துவட்டியபடி ஒவ்வொருவராக. காரணம் கணக்கில் வராது, தலை வரும்.

கச்சேரி முடிந்து ஹாஜரா பீவியிடம் கேட்டேன், வியாபாரத்தை விட்டுவிட்டு ஏன் உட்கார்ந்தீர்கள் என்று.

“பழம் சாயங்காலம் வரைக்கும் கெடாது. அந்தப் பொம்பள பாடிக்கிட்டு இருக்கயில எந்திரிச்சா அவளுக்கு எப்பிடி இருக்கும்?”

விண்ணப்பம் இன்னும் இலஞ்சியில், ஒட்டாத உறையில் இருக்கிறது. வெட்டாத வீடியோவோடு, இந்தப் பக்கங்களைக் கிழித்து அதில் வைக்கப் போகிறார். அனுப்பினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. முடிவு என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் எந்தத் தடையும் இல்லாமல், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற வசதியோடு, இதுவரை உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் போல எத்தனை பேர் தேறுவார்கள் என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். சந்தாக் கணக்கு ரகசியம் என்றுவிட்டார். ஆகையால் எனக்குத் தெரிந்தவரை:

வந்தவர்கள்: 212
தண்ணீர் இறங்கியதும் போனவர்கள்: 171
இருந்தவர்கள் (ஹாஜரா பீவி உட்பட): 41
குளித்துவிட்டுத் திரும்பியவர்கள்: 37
மங்களத்தின்போது ஆக: 78
சபா கேட்பது: 100
பாக்கி: 22