சாதிரின் நடை

...எதிரே சம்பந்தி கபிடென், அவர் வீட்டு விருந்து. பக்கத்தில் அவர் மனைவி நாகிமா. சன்னலோரம் உல்போசினின் ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் யூரி கிம். மேசைக் கோடியில், தலைநகரில் பதக்கம் வாங்கிக்கொண்டு காலையில்தான் அல்மாட்டி திரும்பிய மகள் உல்போசின். இந்தப் பக்கம் அவள் அப்பா எசிம்கான், சாதிரின் மகன், வயதில் மூத்தவர் என்பதால் அவித்த ஆட்டுத்தலை அவர் முன்னால். இத்தனை பேர் பார்க்க வழக்கப்படி முதலில் காதை அறுத்து இளையவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கை அடங்க வேண்டும்... தொடையில் வைத்தால் கல் மாதிரி கிடக்கிறது, கத்தியைக் காதருகே கொண்டுபோனால்தான் முனை அலைகிறது. போன வாரம் தேநீர்க் கோப்பையும் இப்படித்தான் உதட்டருகே வந்து ஆடியது. வயசு, வேறென்ன.

“பதக்கம் பொண்ணுக்கு, தலை அப்பாவுக்கு. நல்ல பங்குதான் சம்பந்தி,” என்றார் கபிடென். அப்பா உயிரோடிருக்கும்போது பிள்ளை ஆட்டுத்தலையைத் தொடுவதில்லை, இல்லாவிட்டால் இந்தத் தலை அவளுக்குத்தான் சேர வேண்டும், அவளை விட்டால் இந்தக் குலத்தில் வேறு யாருக்கு... உல்போசின், ‘மகன் பிறக்கட்டும்’ என்று பொருள், அவரே வைத்த பெயர், மகன் பிறக்கவும் செய்தான், லாரி வாங்கி விற்கிறான், நல்ல பையன்தான். ஆனால் பதக்க மேடையில் ‘சாதிர் குடும்பம்’ என்று நிமிர்ந்து நின்று சொன்னவள் இவள். சாதிர் நடந்தால் சந்தையே சிரிக்கும், கால் அகட்டி, சுவரைப் பிடித்து, குதிரையிலிருந்து விழுந்து... குடிகாரன் மகன் என்று கேட்டுக்கேட்டே எசிம்கான் ஆயுசுக்கும் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை, முதுகை வளைத்ததில்லை. பாவாடை கட்டிய வயதில் இவள் கிழவரின் மடியில் உட்கார்ந்து, வாயை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்டாளே, “தாத்தா வாயில வாடையே வரலையேப்பா, அப்புறம் ஏன் தள்ளாடுறாரு?” அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் படிக்கப் போனாள், நொவோசிபிர்ஸ்க், பெர்லின், திரும்ப அல்மாட்டி, மெல்லிய கம்பியில் எலிகளை நடக்கவிட்டு எது கால் தவறுகிறது என்று பார்த்தபடி தலை நரைத்தாள். ஆராய்ச்சிக்காக வீடுவீடாக ரத்தம் எடுக்க வந்தபோது எசிம்கான் ஏழு தலைமுறை ஆண்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார், அவள் எழுதவில்லை, “பொம்பளைங்க பேரும் வேணும்பா.” வம்சத்துல ஏதும்மா பொம்பளை? “நோய்க்கு அது தெரியாதுப்பா.” வெட்கமாகத்தான் இருந்தது, சொந்த அத்தைகளின் பெயர் தெரியாமல் கல்லறைக் கற்களைத் தேடிப் போனது. கடைசியில் கண்டுபிடித்தாள், ஒரே ஒரு மரபணுவில் ஓரிடம் பிசகினால் சிறுமூளையின் செல்கள் மெல்ல மெல்லச் சாகும், மது இல்லாமலே மனிதன் தள்ளாடுவான். உலகமே படித்தது. சந்தை படித்ததா?

“உங்கப்பா ஏறினா குதிரைக்கே போதை ஏறும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க,” கபிடென் யூரியின் கிண்ணத்தில் வோட்கா ஊற்றிக்கொண்டே சிரித்தார். “அது என்ன, தலையோட பேச்சுவார்த்தையா? பசிக்குது சம்பந்தி.”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்,” என்றாள் நாகிமா.

அறுத்துவிடலாம், இதோ... முனை காதைத் தாண்டி வழுக்கித் தட்டில் கிறீச்சிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி முயல்வதா, இந்த மனிதன் முன்னாலா? எசிம்கான் முதுகை நிமிர்த்தினார், கத்தியைத் திருப்பிப் பிடியை மேசைக் கோடிக்கு நீட்டினார். “நீ அறும்மா.”

“அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப பொண்ணா? அடுக்குமா?” என்றார் கபிடென்.

“சாதிர் வீட்டுல அடுக்கும்.”

உல்போசின் எழுந்து வந்தாள், எலிமூளையைத் தாளைவிட மெல்லியதாகச் சீவும் கை, ஒரே இழுப்பில் காது வந்தது, எசிம்கான் பெருமையோடு கபிடெனைப் பார்த்தார். ஆனால் கத்தியை வாங்கும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்... ஏன் அவள் திடுக்கிடவில்லை? ஊரில் முதல் ரத்தம் அவருடையதுதான், மற்றவர்கள் தயங்கியபோது சட்டைக்கையை மடித்துவிட்டு முதலில் உட்கார்ந்தவர் அவர், “என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லாதே” என்றும் சொல்லியிருந்தார், அவளும் சொல்லவில்லை. அப்படியானால் அன்றிலிருந்தே... ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வராமல் ஆய்வகத்தில் கிடந்தாளே, செத்துப்போன தாத்தாவுக்கு அத்தனை அவசரம் எதற்கு?

“சாப்பிடுங்கப்பா,” என்றாள், கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வசதியாக அவர் பக்கம் நகர்த்தி வைத்து.

அன்று எசிம்கானுக்குப் போதை தலைக்கேறி, தலையை அறுக்க முடியாமல் கத்தியை மகளிடம் கொடுத்தார் என்று கபிடெனின் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவர் குடிக்கவில்லை. கோப்பையில் இருந்தது பால் விட்ட தேநீர்.