இந்துமதியின் ஜீப்

தரணீதரன் எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். டீ போட்டான், குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பல் தேய்த்தது அதற்கு முன்பா பின்பா என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை. துணி பின்னும் அவனுடைய நிட்டிங் யூனிட்டுக்கு லீவு. இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். வீடு மாடியில், மெஷின்கள் கீழே.

ஷெட்டின் ஓரத்தில் மனைவி இந்துமதியின் ஜீப் பழைய பனியன் துணி போர்த்தியபடி நின்றது. அவளே உடுமலையில் தேடிப் பிடித்து வாங்கிய பழைய ஜீப். பக்கத்தில் பிரிக்காத இரண்டு பெட்டிகள். ஒன்றில் முன்பக்கத்துக்கான இரும்பு பம்பர், மற்றதில் வண்டியை இழுக்கும் வின்ச். அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வந்து இறங்கியவை. அவள் திரும்பி வரவில்லை. பெட்டிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

நேற்று சேவூரிலிருந்து மாமனார் செங்கோட்டையன் போன் செய்திருந்தார். "மாப்ள, ஜீப்பு நின்னு நின்னே துருப்புடிச்சுப் போகுமுங்க. அதப் பாக்கப் பாக்க உங்குளுக்கும் எனக்கும் நெஞ்செரிச்சல்தான். நாளைக்கு மத்தியானம் ஒருத்தரக் கூட்டிட்டு வர்றனுங்க. குடுத்துருவோம்."

"சரிங்க மாமா" என்றான். அவள் போனதிலிருந்து யார் எது சொன்னாலும் அவனுக்கு அந்த ஒரு பதில்தான். கொடுக்க மனமில்லை என்பது போனை வைத்த பிறகே தெரிந்தது. பம்பரை மாட்டிவிட்டால் மாமா முகத்துக்கு நேராக மறுத்துப் பேச வாய் வரும் என்று தோன்றியது. ஏனென்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஷெட்டுக்குப் பின்னால் அறையில் தங்கியிருந்த இசக்கிமுத்துவை எழுப்பினான். யூனிட்டின் ஃபிட்டர். நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். வாய் ஓயாது.

பெட்டியைப் பிரித்ததும், "என்ன மொதலாளி, எருமைக்குக் கொம்பு வைக்கப் போறியளா?" என்றான்.

"பிடி."

"பிடிக்கேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?"

"மத்தியானம் மாமா வர்றாரு. அதுக்குள்ள மாட்டோணும்."

பழைய பம்பரின் போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, இருவருமாகத் தொங்கிக் கழற்றினார்கள். வின்ச்சை முதலில் புது பம்பருக்குள் வைத்து முடுக்கினார்கள். மெஷின் சிலிண்டரைத் தூக்கும் செயின் பிளாக்கில் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கி, சேஸிஸோடு பொருத்தினார்கள்.

தரணீதரன் ரசமட்டத்தை எடுத்து வந்து பம்பர் மேல் வைத்தான். நிட்டிங் மெஷினுக்கு மட்டம் பார்ப்பது அதில்தான். குமிழி ஓரம் போனது. போல்ட்டைத் தளர்த்தி, வாஷர் கொடுத்து, மறுபடி முடுக்கினான். மறுபடி ஓரம் போனது.

"போதும் மொதலாளி. கண்ணுக்குத் தெரியாது."

"தெரியும்."

மறுபடி தளர்த்தினான். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. இசக்கிமுத்து செயினைப் பிடித்துக்கொண்டு மெஷின்களைப் பார்த்துப் புலம்பினான். "ஞாயித்துக்கெழம கறி எடுக்கப் போறவன எவனாவது இப்படிக் கட்டிப்போடுவானா, நீங்களே சொல்லுங்க."

ஒயரை பேட்டரியில் கொடுத்து பட்டனை அமுக்கியதும் வின்ச் உறுமியது. கடைசியாக, வின்ச்சின் உருளையில் இழுகயிற்றைச் சுற்றுவது. அங்கேதான் பிசகினார்கள். இருவரும் துணிக்காரர்கள். பின்னல் துணியை இறுக்கிச் சுற்றினால் இழுபட்டுவிடும், துவைத்தால் சுருங்கும், ஆர்டர் திரும்பி வரும். நெகிழச் சுற்றுவது கையோடு வந்த பழக்கம். கயிற்றையும் அப்படியே, அழகாக, நெகிழச் சுற்றி வைத்தார்கள்.

அந்த நேரத்தில் தெருவில் சத்தம். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளத்தில், நேற்றைய மழையில் மண் இளகி, சாயத் துணி ஏற்றிய டெம்போ பின்சக்கரம் முழுக இறங்கியிருந்தது. அதன் பின்னால் நகர வழியில்லாமல் மாமனாரின் கார். மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் இறங்கினார். கூடவே ஜீப் வாங்க வந்தவர்.

"ஜேசிபி வந்தாத்தானுங்க ஆகும்" என்றார் வந்தவர்.

தரணீதரன் ஜீப்பை வெளியே எடுத்து டெம்போவின் மூஞ்சிக்கு நேராக நிறுத்தினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான். கொக்கியை மாட்டினான். அறுந்தால் யார் மேலும் அடிக்காமலிருக்கக் கயிற்றின்மேல் ஈரத் துணி மூட்டையைப் போட்டான். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினான்.

டெம்போ குலுங்கி ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே 'கிர்ர்' என்றது. கயிற்றின் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, சிக்கி நின்றது. டெம்போ பழையபடி சரிந்தது.

வந்தவர் சிரித்தார். "பாக்கறதுக்குத்தானுங்க இதெல்லாம்."

"உட்ருங்க மாப்ள" என்றார் மாமனார்.

சரிங்க மாமா என்பது நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்க மாமா" என்றான்.

குனிந்து சுற்றைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "இசக்கி, துணியாட்டச் சுத்தி வெச்சிருக்கறோம் பாரு."

இசக்கிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "வெளங்கும்! ரெண்டு துணிக்காரன் சேந்தா வேற எப்பிடி வரும்?"

சிக்கலை எடுத்து, ஜீப்பைத் திருப்பி, கயிறு முழுவதையும் வெளியே விட்டார்கள். பக்கத்துக் காலி மனையின் வேப்பமரத்தில் நைலான் பட்டையைச் சுற்றிக் கொக்கியைக் கொடுத்தார்கள். இசக்கிமுத்து பிரேக்கை லேசாக மிதித்தபடி ஜீப்பில் இருந்தான். தரணீதரன் தள்ளி நின்று பட்டனை அமுக்க, ஜீப் தன்னைத்தானே மரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. கயிறு இறுகி, சுற்றோடு சுற்று ஒட்டி உட்கார்ந்தது.

மறுபடி டெம்போ. மறுபடி பட்டன். கயிறு கம்பிபோல் விறைத்தது. டெம்போ முனகியது. பின்சக்கரம் சேற்றை உதறிக்கொண்டு அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. எதிர் மாடியில் நின்ற பீகார்ப் பையன்கள், "கீஞ்சோ பையா, கீஞ்சோ!" என்று இந்தியில் இழுக்கச் சொல்லிக் கத்தினார்கள். சக்கரம் விளிம்பைத் தாண்டி ரோட்டில் தட்டென்று விழுந்தபோது தெருவே விசிலடித்தது. டெம்போ டிரைவர் ஓடி வந்து வின்ச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தரணீதரன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"பம்பரோட சேத்தியே வெல பேசிக்கலாமுங்க" என்றார் வந்தவர்.

"குடுக்கறதில்லீங்க" என்றான் தரணீதரன்.

மாமனார் ஜீப் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பம்பரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "நூல் புடிச்சாப்பல இருக்குதுங்க மாப்ள" என்றார். பிறகு எழுந்து, வந்தவரின் தோளில் கை போட்டார். "வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாமுங்க."

தரணீதரன் பம்பர் மேல் கையை வைத்தான். வெயிலில் சுட்டது. எடுக்கவில்லை.

இந்துமதி கடைசியாக 'அவரப் பாத்துக்குங்கம்மா' என்றாள் என்பதாக மாமியார் மயிலாத்தாள் எல்லோரிடமும் சொல்லி வந்தாள். அவன் மறுத்ததில்லை. ஆனால் கடைசியில் பக்கத்தில் இருந்தவன் அவன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் முன், மூக்கிலிருந்த மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு அவள் சொன்னது இதுதான்:

"நான் வர்ற வரைக்கும் அந்தப் பொட்டியத் தொட்றாதீங்க. நீங்க கோணலா மாட்டிப்போடுவீங்க."