உருகி உறைந்த அவரை

விலை விழுந்து சந்தைக்குப் போகாத அவரையையும் வெண்டையையும் சுகிர்தாவின் அப்பா அவளுடைய கவரைப்பேட்டை வீட்டுக்கு மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு அது கர்த்தர் காட்டிய வழியாகப் பட்டது. தேர்வாய் கண்டிகையில் மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. கணவன் மோசஸ் ஒரே நிபந்தனை வைத்தான்.

"போ, வேணான்னு சொல்லல. கொழம்பு, பொரியல் ரெண்டும் தட்டுல இருக்கணும். இல்லேன்னா வேலைய உட்டுடணும்."

விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும். காய் நறுக்க நேரமிருக்காது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தாள். நறுக்கியதைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் முக்கி, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தாள். உறைந்த பிறகே பைகளில் கட்டினாள். அப்படிச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, மாதக்கணக்கில் தாங்கும்.

மாமியார் ஞானம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பொணத்த வெக்கிற மாரி காய ஐஸ்ல வெக்கிறா."

"கெடாது, அத்தை."

"பொணங்கூடத்தான் கெடாது."

முதலில் பொரியல் நன்றாகவே இருந்தது. பிறகு வெண்டை கூழானது. அவரை நாறியது. மோசஸ் வாயில் வைத்ததைத் துப்பினான். "இன்னாமே இது, மாட்டுக்குப் போடறதா?"

பையை எடுத்துப் பார்த்தாள். உதிரியாய் வைத்த காய் ஒரே பாளமாக இறுகி, அடியில் பச்சை நிறத் தண்ணீர் உறைந்து கிடந்தது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தாள். கரண்ட் போகவே இல்லை என்றார்கள். தன் கைப்பிசகு என்றே நினைத்தாள்.

சனிக்கிழமை கம்பெனியில் சீக்கிரம் விட்டார்கள். வீட்டுக்குள் வந்தபோது ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது.

"அதுல இன்னா பாலா கீது, மீனா கீது?" என்றாள் ஞானம்மா. "பகல் பூரா எதுக்கு ஓடிக்கினு கெடக்கணும்? நீ வர்றதுக்குள்ள போட்டுடறேனே."

மாலையில் சுகிர்தா மோசஸிடம் சொன்னாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும். அம்மா எப்பவும் அப்டித்தான்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சயின்ஸ் படிச்சது நீதான. கண்டுபுடிப்பேன்னு இருந்தேன்." சிரித்தான். "திங்கக்கெழம போயி வேலைய உட்டு நின்னுக்கறேன்னு சொல்லிடு."

கம்பெனியில் ஒரு குளிரறை உண்டு. சூடு இரண்டு டிகிரி ஏறினால் மணி அடிக்கும். மேலாளர் வரை எல்லோரும் ஓடிவருவார்கள். இங்கே எல்லாம் தெரிந்த ஒருவன் தட்டின்முன் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான்.

திங்கட்கிழமை எழுந்ததும் பைகள் அத்தனையையும் பிரித்துக் குப்பை வாளியில் கொட்டினாள். அப்பாவின் அவரை கறுத்துப்போயிருந்தது. ஃப்ரிட்ஜைத் தானே அணைத்தாள். அடுப்பைத் தொடவில்லை.

"நாஷ்டாவுக்கு இன்னா?" பாயில் படுத்தபடி மோசஸ் கேட்டான்.

"நீங்களே கண்டுபுடிங்க."

வேன் ஹாரன் கேட்டது. அவளுடைய சாப்பாட்டுப் பையிலும் ஒன்றுமில்லை. அதையும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் படியிறங்கினாள்.