ஸ்டியரிங் கோணல்

"மதினி, இது தானாப் போன கோணல் இல்ல. யாரோ வேணும்னே வச்சது."

ஜீப்புக்கு அடியில் கிடந்த மெக்கானிக் அருண்பாண்டி சொன்னான். வெளியே தெரிந்தவை அவனுடைய இரண்டு கால்கள் மட்டும்தான். நான் வாசலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாக்குகளின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். கோணி ஊசி விரலில் ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் நல்லகாமன் அன்று திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். தலைவலி என்று பொய் சொல்லி நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். அவர் பஸ் ஏறியதும் உசிலம்பட்டிக்குப் போன் போட்டு மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக அந்த ஸ்டியரிங் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ரோடு நேராக இருக்கும், டயர் நேராக இருக்கும், ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் சாய்ந்தே நிற்கும். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. தினமும் விடிகாலையில் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மலைத் தோப்புக்கு எலுமிச்சை பறிக்கப் போகிறவள் நான். வண்டி ஓட்டுவது அவர்தான். பக்கத்து முன்சீட்டில் என் கண்ணெதிரே அந்தக் கோணல். பின்னால் இருந்து இசைவாணி வேறு, "என்ன சித்தப்பா, வண்டிக்குக் கழுத்துச் சுளுக்கா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சரி பண்ணச் சொன்னால், "வண்டி நேராப் போகுதா இல்லையா? பொறவென்ன?" என்று வாயை அடைத்துவிடுவார். மனுஷன் சோம்பேறி, நாமே செய்து வைப்போம், வந்து பார்த்து அசந்து போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஊசியைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து டயருக்குப் போகும் நீளக் கம்பியில் ஒரு குழாய் இருந்தது. அதன் இரண்டு முனையிலும் மரை. அதைத் திருகினால் கம்பி நீளும் அல்லது குறையும், அதற்கேற்ப ஸ்டியரிங் சாயும் என்றான். குழாயின் மேல் பைப் ரெஞ்சு கடித்த தடம் மூன்று இடத்தில் தெரிந்தது.

"இந்தத் தடம் துருவேறிருச்சு. இது மங்கிருச்சு. இதப் பாருங்க, பளபளன்னு இருக்கு, போன மாசம் திருகுனதா இருக்கும். ஒரேயடியாச் சாய்க்கல மதினி. கொஞ்சங் கொஞ்சமா மூணு தடவ."

எனக்கு உடனே முத்திருளன் ஞாபகம்தான் வந்தது. அவனும் ஜீப் ஓட்டுகிறவன், எங்கள் தோப்புச் சவாரி மேல் கண் வைத்திருக்கிறவன். "அந்தப் பய கட்டையில போக!" என்று ஆரம்பித்து அவன் பரம்பரையையே இழுத்தேன். அருண்பாண்டி ஒத்துப் பாடவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"கியர் போடுறப்ப எடது கை இங்கிட்டு வந்துரும். அந்நேரம் வலது கை மட்டுந்தான் ஸ்டியரிங்கப் பிடிக்கணும். நேரா இருந்தா இந்தக் குறுக்குக் கம்பி நெஞ்சு ஒசரத்துல நிக்கும். இப்ப எறங்கி மடிக்கிட்ட வந்திருக்கு பாருங்க. கையத் தூக்காமலே கோத்துப் பிடிச்சுக்கலாம்." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "அண்ணனுக்கு வலது தோள்ல எதுவும் பண்ணுதா மதினி?"

"ஒன் வேலயப் பாருடா! மனுசன் கல்லு மாதிரி இருக்காரு."

கத்தி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷப் பொங்கலுக்குப் பிறகு அவர் பனியனே போடவில்லை. பட்டன் வைத்த சட்டை மட்டும்தான். தலை வாருவது இடது கையால். பரண் மேலிருந்து அண்டாவை இறக்கச் சொன்னால், அவசர வேலை இருப்பது மாதிரி எழுந்து போய்விடுவார். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! கோயிலில் எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பி நிற்க, இவர் நெஞ்சோடு நிறுத்திக்கொண்டார். சாமியிடம்கூட என்ன கௌரவம் என்று அதற்கும் ஏசினேன். இருபத்து நான்கு வருஷம் பக்கத்தில் படுக்கிறவளிடம் சொல்ல வாய் வராமல், ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார். அதுவும் அந்தக் கையோடு. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்படியே விட்டா என்னடா?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங் எடப்பக்கம் எம்புட்டு வேணாலும் திரும்பும். வலப்பக்கம் பாதியிலயே நின்னுரும். ரோட்டுல பரவால்ல. மலையில ஆகாது மதினி."

மலைப்பாதையில் வலது பக்க வளைவு இரண்டு. போன வாரம் இரண்டாவது வளைவில் வண்டி திரும்பாமல் நின்றது. பின்னால் எடுத்தார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் எடுத்தார். பின்டயரில் பட்ட கற்கள் உருண்டு விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது. "சத்தம் போடாம உக்காருங்கடி" என்று பெண்களை அதட்டினார். அவருக்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று இப்போதுதான் புரிந்தது. அந்த எட்டுப் பேரும் என்னை நம்பி ஏறுகிறவர்கள்.

நேராக வைத்தால் அவரால் ஓட்ட முடியாது. கோணலாகவே விட்டால் ஒருநாள் வண்டி பள்ளத்துக்குள் கிடக்கும். ஊருக்குள் அவருக்குப் பெயரே ஜீப்புக்காரர்தான். அதைப் பிடுங்கப் போகிறவள் நான்.

"நேரா வச்சிரு" என்றேன்.

அவன் கீழே படுத்துக் குழாயைத் திருகினான். ஆளில்லாத சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாக, மெதுவாக, இடது பக்கம் நகர்ந்தது. நேராக வந்ததும் நின்றது. ஒரு வருஷமாக நான் ஆசைப்பட்டது. பார்க்கப் பிடிக்கவில்லை.

நாலு மணி பஸ்ஸில் அவர் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பூந்திப் பொட்டலம். வண்டி வெயிலில் நிற்கிறதே என்று நிழலுக்குத் தள்ளி நிறுத்த ஏறினார். ஸ்டார்ட் செய்தார். இடது கை கியருக்குப் போனது. வலது கை மடிப்பக்கம் இறங்கித் தடவியது. மறுபடியும் தடவியது. இன்ஜினை அணைத்துவிட்டு முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"யாரு கை வச்சது?"

"நாந்தான் வைக்கச் சொன்னேன்."

"ஒன்னய எவன் கேட்டான்?"

"நீ ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஓட்டாதம்ப."

"சொல்லத்தான் செய்வேன். கையத் தூக்கு."

சிரித்துக்கொண்டே இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இது போதுமா முனீசு?"

"அதில்ல. மத்தது."

சிரிப்பு நின்றது. வலது கையைத் தூக்கினார். வயிற்றைத் தாண்டி, நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். நான் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். அம்புட்டுக் கனம்.

சாக்கு மேல் கிடந்த என் போன் அடித்தது. எலுமிச்சை பறிக்க வருகிற சீனியம்மாள்தான். நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று தினமும் இந்நேரம் கேட்பாள்.

"எடுத்துச் சொல்லு" என்றார். என்ன சொல்வது என்று சொல்லவில்லை.

போனை எடுக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும். நான் விடவில்லை, அவரும் இறக்கவில்லை. போன் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தது.