பதினாலு புள்ளி முப்பத்தாறு

அவள் நில அளவைக்காரி. புதுக் கால்குலேட்டரில் இன்னும் கை படியவில்லை. விளக்குக் கம்பம் நடவேண்டிய இடத்தைக் கணக்குப் போட்டு முளை அடித்துவிட்டு, கொட்டகைக்கு வந்து அடுத்த கம்பத்தின் கோணத்தைத் தட்டப்போனாள். அப்போதுதான் டிகிரி, நிமிடம் தட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருப்பது கண்ணில் பட்டது. எதற்கும் பார்ப்போமே என்று பழைய கோணத்தையே திரும்பத் தட்டினாள். பதினாலு டிகிரி, முப்பத்தாறு நிமிடம். திரையில் வந்தது 14.6.

முதலில் அவள் தட்டியிருந்தது 14.36.

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். அந்த முப்பத்தாறை அறுபதால் வகுக்காமல், அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாள். கணக்கைத் திரும்பப் போட்டாள். முளை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. அந்தப் பக்கம்தான் மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாய்.

தூரத்தில் துளைபோடும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. அதை ஓட்டுபவர் அவளுடைய அக்கா புருஷன். போன் அடித்தாள், எடுக்கவில்லை. காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

ஓடினாள். ஓட ஓடச் சாலை நீண்டுகொண்டே போனது. துளைக்கம்பி மண்ணிலிருந்து மேலே வந்தது. அதில் மஞ்சள் நாடா ஒன்று சுற்றியிருந்தது. குழாய்க்கு மேலே எச்சரிக்கைக்காகப் புதைக்கிற நாடா. அவர் அதை ஏதோ குப்பை என்று நினைத்து, கம்பியை மறுபடி இறக்கினார். அவள் கத்தினாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

இரைச்சல் நின்றது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அத்தான், இறங்கி வாங்க. கீழ கேஸ் பைப் இருக்கு."

"முளை நீ அடிச்சதுதானே?"

"நான்தான் தப்பா அடிச்சேன். சீக்கிரம் வாங்க."

அவர் நாடாவைப் பார்த்தார். குதித்து இறங்கினார்.

எரிவாயுக்காரர்கள் வந்து, குழிக்குள் கருவியை விட்டுப் பார்த்து, கசிவு இல்லை என்று சொல்லும்வரை இருவரும் தெருக்கோடியில் நின்றார்கள். குழாய்க்கு இன்னும் ஒரு சாண்தான் மிச்சமாம். அதைக் கேட்டதும் அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஜினியர் வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலை நிமிரவில்லை.

மதியம் முளையை மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். அத்தான் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ தட்டு. நான் பாத்துச் சொல்றேன்."

"அக்காகிட்ட..."

"நான் வாயே திறக்க மாட்டேன். முதல்ல தட்டு."


பிறகு அவர் இயந்திரத்தைத் தொடவில்லை. மண்வெட்டியால்தான் தோண்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.