பார்த்லியின் மெட்டு

லோர்கன் பப்பில் வந்து உட்கார்ந்தாலே வாத்தியக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். எந்த மெட்டு யாருடையது, எந்தக் குழலை யார் கடைந்தது என்று வருஷக்கணக்காக எழுதிக் குவிக்கிற மனிதர். யாராவது பேரைத் தப்பாகச் சொன்னால் பீரைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார்.

அவருடைய புத்தகத்திலேயே ஒரு தப்பு இருந்தது. அது வயலின்கார மூதாட்டி அட்ராக்டாவின் வீட்டு வாசலில்தான் அவருக்குத் தெரிந்தது.

கதவைத் தட்டப் போனவர் உள்ளே வயலின் சத்தம் கேட்டு நின்றார். ‘பார்த்லியின் மெட்டு’. கிளேர் மாவட்டம் முழுக்க வாசிக்கிறார்கள். அட்ராக்டாவின் தம்பி பார்த்லி, புல்லாங்குழல்காரன், பாஸ்டனுக்குக் கப்பலேறுமுன் கட்டியது என்று லோர்கனே எழுதியிருந்தார். ஆனால் ஊரார் மேலே ஏறி முடிக்கிற இடத்தில் இவள் கீழே, தடித்த தந்திக்கு இறங்கினாள். குழலில் அவ்வளவு கீழே சுரமே கிடையாது. அப்படி இறங்கியபோதுதான் மெட்டு முழுசாக முடிந்தது; ஊரார் மேலே ஏறுவது குழலுக்காக மாற்றிக்கொண்டது.

"அட்ராக்டாம்மா, இது குழல்காரன் கட்டினதே இல்ல. நீங்க கட்டினது."

"வந்துட்டான் மோப்பம் பிடிச்சுக்கிட்டு! முதல்ல ஷூவத் துடைச்சிட்டு வா."

"அடுத்த பதிப்புல உங்க பேரப் போட்டுடறேன்."

"போட்டேன்னா இந்த வீட்ல உனக்கு டீ கிடையாது." கெட்டிலை அடுப்பில் வைத்தவள் திரும்பவில்லை. "தம்பி பாஸ்டன்ல கட்டடத்துலேருந்து விழுந்து செத்தான். பொண்டாட்டி புள்ள இல்ல. அங்கயே புதைச்சிட்டாங்க, என்னால போக முடியல. அந்த அழுகையில கட்டினது இது. யாரோடதுன்னு கேட்டப்ப பார்த்லியோடதுன்னு வாயில வந்துடுச்சு. இப்ப வாரா வாரம் யாராவது அவன் பேரச் சொல்றாங்க. அதப் பிடுங்கிடாதடா."

லோர்கன் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பப்பில் அந்த மெட்டு முடிந்ததும், கால்வேயிலிருந்து வந்திருந்த பெண் கேட்டாள். "ரொம்ப அழகா இருக்கே, யாரோடது?"

எல்லோரும் வழக்கம்போல லோர்கனைப் பார்த்தார்கள். அட்ராக்டாவும் பார்த்தாள்.

"பார்த்லியோடது," என்றார் லோர்கன். "இவங்க தம்பி. அருமையான குழல்காரன்."

அட்ராக்டா வயலினை மறுபடி தோளில் வைத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் குழல்கள் மேலே ஏற, முதல்முறையாக ஊரறிய அவள் கீழே இறங்கினாள், தன்னந்தனியாக.

லோர்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னய்யா, அந்தம்மா தப்பா வாசிச்சிட்டாங்களா?" என்று பக்கத்திலிருந்தவன் கிண்டலாகக் கேட்டான்.

"இல்ல," என்றார். "இப்பத்தான் சரியா வாசிச்சாங்க."