ஓட்டுக்கு வரும் மகள்

ஏப்ரல் மாதத்து வாக்காளர் பட்டியல் வெளியான வியாழக்கிழமை காலை, லிபராத்தா மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தேர்தல் தேதியை இன்னும் அறிவிக்கவில்லை. ஜூனில் என்று மால்டா முழுக்கப் பேச்சு. அவளுக்கு அது போதும்.

மகள் மார்த்தீஸ் லக்சம்பர்க்கில் மொழிபெயர்ப்பாளர். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாள். ஊர்த் திருவிழாவுக்கு வரமாட்டாள். ஓட்டுப் போட மட்டும் தவறாமல் வருவாள். அங்கிருந்தபடி ஓட்டுப் போட வழியில்லை. ஓட்டுக்கு வருகிறவர்களுக்கு விமானக் கட்டணமும் குறைவு. நாடாளுமன்றம் எப்போது கலையும் என்று லிபராத்தா அளவுக்கு ஏங்கியவர்கள் எதிர்க்கட்சியிலும் இல்லை.

ரொட்டி வண்டிக்காக வாசலில் நின்றபோது எதிர்வீட்டு நாட்சு வந்தான். நாட்டில் கட்சி இரண்டு; இவள் ஒன்று, அவன் மற்றது. தெருவில் யார் ஓட்டு எங்கே விழும் என்று கணக்கெடுப்பவன்.

"என்ன லிபராத்தாக்கா, தோத்தா அழறதுக்குக் கைக்குட்டை வாங்கியாச்சா?"

"போன தடவை உங்க கட்சிக்காரங்க வாங்கினது மிச்சம் கிடக்குமே. அதையே அனுப்பு."

அவன் சிரித்தான். "மார்த்தீஸ் எப்படியிருக்கா? அடிக்கடி வர்றாளா?"

அவளிடம் யாரும் அதைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"எங்கடா வர்றா? போன தேர்தலுக்கு வந்ததோட சரி. எத்தனை கிறிஸ்துமஸ் போச்சு! முயல் சமைச்சு நானே தின்னு நானே கழுவி வைக்கறேன். அவளுக்கு வீடு அங்கதான்டா. இங்க விருந்தாளி."

"பாவம்க்கா நீ," என்றான் நாட்சு. ரொட்டியை அவனே வாங்கி உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

மே மாதம் மார்த்தீஸ் போன் செய்தாள். லிபராத்தா அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தாள்.

"டிக்கெட் போட்டாச்சா கண்ணு?"

"இல்லம்மா. நாட்சுவோட கட்சி கோர்ட்டுக்குப் போயிருக்கு. ஓட்டுப் போடணும்னா கடைசி ஒன்றரை வருஷத்துல ஆறு மாசமாவது நான் அங்க இருந்திருக்கணுமாம். பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடுவாங்க."

"நீ இங்கதான் இருக்கேன்னு நான் போய்ச் சத்தியம் பண்றேன்."

"நீ வாயைத் தொறந்தாலே மாட்டிக்குவே. பேசாம இரு." மார்த்தீஸ் சிரிக்கப் பார்த்தாள். "நான் வர்றதே இல்லேன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

லிபராத்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேன்."

"ஐயோ, அவன்கிட்டயா? ஏம்மா?"

"அவன் ஒருத்தன்தான் கேட்டான்."

லிபராத்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஓட்டு இல்லேன்னா என்ன கண்ணு, சும்மா ஒரு தடவை வரமாட்டியா?"